விடுகதை அக்காவுக்கும் அந்த வார்டுக்கும் என் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, காரைக்குடியில் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். வகுப்பில் நின்று கணக்குப் போட முடிகிறது. மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. துணை நின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தேன். பெயர்கள் நீண்டுகொண்டே போனதால் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ ஏற்றும்போது என் பக்கத்துக் கட்டிலில் இருந்த திருவண்ணாமலைப் பக்கத்து அக்காவுக்கு. முதல் தடவை அந்தச் சிவப்பு மருந்தைப் பார்த்ததும் பயத்தில் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லி சிஸ்டர் ஒரு டம்ளரை நீட்டினார். தன் கையிலும் மருந்து ஏறிக்கொண்டிருக்க, அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினார். “டீச்சரம்மா, பாத்தா கல்லு, பல்லு பட்டா தண்ணி. அது இன்னா, சொல்லுங்க பாப்போம்.” விடை என் வாய்க்குள்ளேயே கரைந்துகொண்டிருந்தது. நோய் என்னவென்று தெரிந்த நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிற குடும்பம் அவருடையது. சிகிச்சையில் எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தவர். புதிதாக யார் வந்தாலும் ஊர் கேட்பார், அடுத்து விடுகதை போடுவார். தலைமுடி கொட்டிப்போய், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் அழுதபோது, “தலையச் சீவினா தாகம் தீர்ப்பான், யாரு?” என்று கேட்டுத் தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினார். “இளநி!” என்று மூன்று கட்டில் தள்ளிப் பதில் வந்தது. அந்தப் பெண் முந்தானையை விலக்கிவிட்டுச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

வெள்ளையணு கவுண்ட் குறைந்திருக்கிறது, இந்த வாரம் மருந்து கிடையாது என்று என்னைத் திருப்பி அனுப்பிய நாளில் அக்கா விடுகதை எதுவும் போடவில்லை. எதைச் சாப்பிட்டால் கவுண்ட் ஏறும் என்ற பட்டியலும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். நோயாளியை உற்சாகப்படுத்தப் போகிறவர்களுக்கு இந்தப் பக்குவம் வேண்டும் என்பது என் எண்ணம். வலிக்கிறது என்று சொல்ல இடம் கொடுத்ததால்தான் அவரிடம் மறுதடவை மனம்விட்டுச் சிரிக்க முடிந்தது.

ஓசூர்த் தம்பிக்கு அடுத்த நன்றி. கல்லூரியில் படிக்கிற பிள்ளை, நிணநீர்ப் புற்றுநோய். யாருக்காவது பாட்டில் தீரப்போகிறது என்றால் ரயில் நிலையக் குரலில் ஆரம்பித்துவிடுவான்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஜன்னலோரக் கட்டிலின் மருந்து இன்னும் சற்று நேரத்தில் முடிவடையும்.” கை வேலையாக இருந்தால் சிஸ்டர், “வண்டி பத்து நிமிடம் தாமதம்” என்று அதே குரலில் பதில் கொடுப்பார்.

அக்காவுக்கு ஈடுகொடுக்க என்னிடம் சரக்கு இல்லை. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போனில் சொன்னேன். அவர்கள் பாட்டி, அப்பத்தாவையெல்லாம் கேட்டு ஒரு நோட்டு முழுக்க விடுகதை எழுதி அனுப்பினார்கள். முன்பக்கம் விடுகதை, பின்பக்கம் தலைகீழாக விடை. சிஸ்டர்கள் துடைத்து வைக்க வசதியாகப் பிளாஸ்டிக் அட்டையும் போட்டிருந்தார்கள். விடுகதை கிடைக்காத ஒரு பையன் தனிவட்டிக் கணக்கு ஒன்றை எழுதி, ‘விடை டீச்சர் வந்துதான் சொல்ல வேண்டும்’ என்று முடித்திருந்தான். அந்தப் பக்கத்தை வார்டே படித்தது. அடுத்த கட்ட மருந்தில் என் விரல்நுனிகள் மரத்துப்போய்ப் பக்கம் புரட்ட வராது. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் புரட்டித் தருவார்கள், நான் வாசிப்பேன். புதிதாக வந்தவர் ஒருவர் விடை சொல்லிவிட்டால் எனக்கே மருந்து பாதி இறங்கிய மாதிரி இருக்கும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இது. டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை இதற்காகவே வாழ்ந்தார். அவர்கள் வழியில் இன்று அங்கே உழைக்கும் மருத்துவர்களை வணங்குகிறேன். நரம்பு கிடைக்காத என் கையைத் தட்டித் தடவி, “வலிக்குதாம்மா?” என்று கேட்டுக் கேட்டு ஊசி போட்ட சிஸ்டர்களுக்கும், தரையைத் துடைக்கும்போதே நலம் விசாரித்த பணியாளர்களுக்கும் நன்றி.

என் வகுப்புகளைச் சேர்த்து எடுத்த சக ஆசிரியர்களுக்கும், ரயில் கட்டணச் சலுகைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கும், வாய்ப்புண்ணோடு நான் எதையும் விழுங்க முடியாமல் தவித்தபோது தயிர்சாதத்தைக் குழையக் குழையப் பிசைந்து ஊட்டிய என் நாத்தனாருக்கும், வேலையை விட்டுவிட்டு என் கூடவே நின்ற என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

அக்கா, அறுவடைக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த செக்கப் முடிந்ததும் நேரே உங்கள் ஊருக்குத்தான் பஸ். தம்பி, பரீட்சையை நல்லபடியாக எழுது. வார்டில் இருப்பவர்களே, நோட்டு அங்கேயே இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள். பக்கம் தீர்ந்துவிட்டால் சொல்லியனுப்புங்கள். இந்த வருடப் பிள்ளைகள் இப்போதே சேகரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்புடன்,
காரைக்குடி கணக்கு டீச்சர்