தன்வரலாறு எங்கே தொடங்குகிறது?

ஐயா,

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் தன்வரலாறு வந்தால் கேட்கப்படும் கேள்விகள் மாறுவதே இல்லை: எப்போது பிறந்தார், எந்த ஊர், என்னென்ன நூல்கள் பதிப்பித்தார். அவர் அதை எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ நூலையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1855-இல். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுவிட்ட தஞ்சை அரசர், அதற்குப் பரிகாரமாக உ.வே.சா.வின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தை உருவாக்கிய கதையில் தொடங்குகிறது. ஏன் அப்படி? இந்த ஒரு கேள்விக்கே ஒரு வகுப்பு போதாது.

அப்புறம், தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று சிற்றிலக்கியங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டே போவார். மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள், நானும் விட்டிருக்கிறேன். 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கும்போதுதான் அந்தப் பட்டியல் எதற்கு என்று புரிகிறது: அவ்வளவு படித்தவர் அந்தப் பழைய காப்பியத்தைப் படித்ததில்லை. நீளமாக அடுக்கியதால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு உறைக்கிறது.

ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு வருடம், இந்த நூலின் நிகழ்ச்சிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மாணவர்களிடம் கொடுத்தேன். முதலில் ஆண்டு வரிசையில் அடுக்கச் சொன்னேன். பிறகு நூலில் வரும் வரிசையில். இரண்டும் எங்கே மாறுகின்றன என்பதில் பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. மதிப்பெண் இல்லாத வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் முணுமுணுத்தார். சரி, வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் மதிப்பெண்ணும் வந்துவிடுமே?

— ஓய்வு பெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்