ரங்கூன் தெருவும் உன் மகன் கேட்ட கேள்வியும்

பள்ளத்தூர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வளவில் கொத்தனார் வேலை. பெயர்ந்துபோன ஆத்தங்குடிக் கல்லையெல்லாம் மாற்றியாயிற்று. மழைக்கு முன் ஓடும் மாற்றிவிட்டால் நிம்மதி.

உன் மகன் ட்ரோன் கம்பெனியில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். "மனிதன் பயத்தில் சுடுவான், ஆத்திரத்தில் சுடுவான். இயந்திரத்துக்கு இரண்டும் இல்லை. இலக்கை அதுவே தேர்ந்தெடுத்தால் சாவு குறையாதா?" என்று கேட்டானாமே. நியாயமான கேள்வி. மூன்று நாளாக எனக்கு அதே நினைப்பு.

எங்கள் ஐயா பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதை உனக்கும் மனப்பாடம்தான். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது ரங்கூன் ஜனங்கள் பதுங்கவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்படி நின்றவர்கள் ஏராளமாகச் செத்தார்கள். அந்தத் தெருவை இன்று ஒரு கேமரா பார்த்தால் அதற்கு என்ன தெரியும்? கூட்டம், அசைவு, உடம்புச் சூடு. வேடிக்கை பார்க்க வந்தவன் என்பது தெரியுமா?

போருக்கான சட்டங்களான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறை, ஒருவர் பொதுமக்களில் ஒருவரா என்று சந்தேகம் வந்தால் அவரைப் பொதுமக்களில் ஒருவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. இவன் எதிரியாக இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று இயந்திரம் கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கை நம்பி ஓர் உயிரை எடுக்கலாமா என்பது வேறு விஷயம். அதை ஒரு மனிதன் யோசித்துத் தீர்மானிக்க வேண்டும், தவறினால் கூண்டில் ஏறிப் பதில் சொல்லவும் வேண்டும். மென்பொருளை யார் கூண்டில் ஏற்றுவது?

அதே நெறிமுறையின் 36ஆவது பிரிவு, புதிய ஆயுதத்தை உருவாக்கும்போதே அது சட்டத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சொல்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. இலக்கைத் தாமே தேர்ந்தெடுத்துத் தாக்கும் தானியங்கி ஆயுதங்கள் பற்றி 2023இல் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்த தீர்மானத்தையும் எதிர்த்தே வாக்களித்தது. அவை பற்றி ஜெனீவாவில் நாடுகள் நடத்தும் பேச்சே போதும் என்பது அரசின் நிலை. எனக்கு அதில் உடன்பாடில்லை, வருத்தம்தான். மனிதர்களைக் குறிவைக்கும் தானியங்கி ஆயுதங்களையே தடை செய்யச் சொல்லி 2021இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு கேட்டது. அது நடக்காத காரியமில்லை. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதத்தைப் போர்க்களத்தில் இறக்கும் முன்பே, 1995இல் தடை செய்தார்களே!

வேலையை விடு என்று பையனிடம் நான் சொல்லவே மாட்டேன். வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேடவும் ட்ரோன்தான் போகிறது. ஆனால் தான் எழுதும் நிரல் சந்தேகம் வரும்போது என்ன செய்யும், அதை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கும் என்ற இரண்டையும் அவன் ஆபீசில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் கேட்டால் தப்பில்லை.

பொங்கலுக்கு அவனையும் அழைத்து வா. வீட்டில் கந்தரப்பம் சுடச் சொல்கிறேன். ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவனோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்