தடுப்பூசி போட்டும் வெள்ளைக் கழிச்சல் ஏன்? நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஊசி போட்டும் கழிச்சல் வந்துடுச்சே?" கடையில் அடிக்கடி விழும் கேள்வி இது. மருந்து வெயிலில் கெட்டிருக்கலாம். 2 முதல் 8 டிகிரிக்குள், ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் நல்ல மருந்தும் பலிக்காமல் போகும். எதிர்ப்பு சக்தியை மருந்து தருவதில்லை, கோழிதான் அதை உண்டாக்க வேண்டும். தவித்துக்கிடக்கும் கோழியால் அது முடியாது.

குளிர், வெக்கை, தாகம், நெரிசல், பயம் எதுவானாலும் கோழியின் உடலில் கார்டிகோஸ்டீரோன் என்ற தவிப்பு ஹார்மோன் சுரக்கும். சில மணி நேரம் என்றால் பரவாயில்லை. நாள்கணக்கில் நீடித்தால், எதிர்ப்பு அணுக்கள் முதிரும் இடங்களான கழுத்துத் தைமஸும் ஆசனவாய்க்கு மேலுள்ள பர்சா என்ற சிறு பையும் சுருங்கும். கம்போரோ என்ற கோழிநோயின் கிருமி இந்தப் பர்சாவையே தாக்கும். அதற்கான 14ஆம் நாள் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

பெரும்பாலும் கோளாறு தொடங்குவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரியாகக் குறையுங்கள். நூறு குஞ்சுக்கு 100 வாட் குண்டு பல்பு இரண்டு போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது! பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர். வாய் திறந்து ஓரம் ஒதுங்கினால் சூடு. ஒரே பக்கம் ஒண்டினால் காற்று அடிக்கிறது. குஞ்சு வந்ததும் முதலில் லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கரைத்த தண்ணீர், தீவனம் ஒரு மணி நேரம் கழித்து.

வெள்ளைக் கழிச்சலுக்கு 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து குடிநீரில், 8ஆம் வாரம் ஆர்2பி ஊசி இறக்கைத் தோலடியில் அரை மில்லி. குடிநீரில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் மருந்து செத்துவிடும். குளோரின் இல்லாத தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்துகொள்ளுங்கள். குடிக்க வைப்பதற்காகக் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாகத்தில் போடாதீர்கள். தண்ணீர்த்தட்டுகள் குறைவாக இருந்தால் வலுத்தது குடிக்கும், இளைத்தது நிற்கும்.

ஊசி போடும் நாளில் மூக்கு வெட்டுவது, கொட்டகை மாற்றுவது, சந்தைக் கோழியைச் சேர்ப்பது எதுவும் வேண்டாம். நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள். குடற்புழு மருந்து ஆர்2பிக்கு ஒரு வாரம் முன்பே. மெலிந்த கோழிக்கு இந்த ஊசி போட்டால் கால் முடங்கவும் கூடும். கோடையில் விடியற்காலையில் போடுங்கள். தீவனத்தை மாற்றுவதானால், பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

வைட்டமின் டானிக் நாங்களும் விற்கிறோம்தான். ஆனால் இரண்டு சதுர அடி வேண்டிய வளர்ந்த கோழியை அரை அடியில் அடைத்தால் எந்த டானிக்கும் உதவாது.

ஏற்கெனவே தும்மும், பச்சையாகக் கழியும் கோழிக்கு ஊசி வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மிஞ்சிய மருந்தையும் குப்பியையும் கொதிக்க வைத்துப் புதைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் குஞ்சு, தீவனக் கடையினர்