தங்கத்தேர் பார்த்த அம்மாவின் சார்பில் ஒரு நன்றி மடல்

அன்புள்ள தூத்துக்குடி மக்களுக்கு,

கத்தோலிக்க வீடுகளுக்கு வரும் மாத இதழ்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். "கேட்ட வரம் கிடைத்தது, கோடி அற்புதர் அந்தோனியாருக்கு நன்றி", "மகனுக்கு வேலை கிடைத்தது, புனித யூதா ததேயுவுக்கு நன்றி" என்று இனிஷியலை மட்டும் போட்டு வரிசையாக வந்திருக்கும். வரம் கிடைத்தால் நாலு பேர் அறிய நன்றி சொல்கிறேன் என்று நேர்ந்துகொள்வது நம் ஆட்களிடம் ரொம்ப காலமாக இருக்கும் வழக்கம். இந்த வருடம் தங்கத்தேரைப் பார்த்துவிட்டால் தானும் அப்படி ஒரு நன்றி போடுவதாக என் அம்மா பனிமய மாதாவிடம் நேர்ந்திருந்தார். அதற்குப் பணம் கட்டியாயிற்று, அடுத்த இதழில் வந்துவிடும். ஆனால் மாதாவுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதைக் கோயிலிலேயே மெழுகுதிரி ஏற்றிச் சொல்லிவிட்டோம், இதழில் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அம்மாவைத் தேர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நீங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களில் பாதிப் பேரின் பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஒவ்வொரு வருடமும் ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும். ஆனால் தங்கத்தேர் ஒவ்வொரு வருடமும் வராது. ஏதாவது ஒரு சிறப்பு ஆண்டில்தான் இழுப்பார்கள். மரத்தேர்தான், மேலே தங்க இழை பதித்தது, 53 அடி உயரம். பரதவர் தலைவரான பாண்டியபதி செய்துவைத்து 1806 பிப்ரவரி 2-ல் முதன்முதலாக ஓடியது. 1982-ல், முதல் கோயில் மந்திரிக்கப்பட்டு, அதாவது புனிதப்படுத்தித் திறக்கப்பட்டு, 400 வருடம் ஆனபோது, ரோமிலிருந்து பசிலிக்கா என்ற பேராலயப் பட்டமும் கிடைத்து ஊரே அமர்க்களப்பட்டதே, அந்த வருடம் அம்மா வடம் பிடித்து இழுத்தவர். 2000-த்திலும் பார்த்தார். 2013-ல், இப்போதிருக்கும் கோயிலுக்கு 300 வருடம் நிறைந்தபோது, இடுப்பு எலும்பு முறிந்து சென்னையில் படுக்கையில் இருந்தார். அப்புறம் பத்து வருடம். இந்த 2023 விழா 441-ஆவது. அம்மாவுக்கு 79 வயது, சக்கர நாற்காலி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. "அடுத்ததுக்கு நான் இருப்பேனா?" என்று அவர் கேட்டபோது நாங்கள் யாரும் மழுப்பவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டோம்.

முதல் நன்றி முத்துநகர் எக்ஸ்பிரஸில் எங்கள் பெட்டியில் வந்த ராயபுரம் பையன்களுக்கு. கீழ் படுக்கை ஒன்றுதான் கிடைத்திருந்தது. அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிட்டு நான் மேலே ஏறிப் படுத்தால் ராத்திரி அவர் கூப்பிடுவது காதில் விழாதே என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, கேட்பதற்கு முன்னாலேயே எதிர்ப் படுக்கைக்காரத் தம்பி தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் திருவிழாவுக்குப் போகிறவர்கள். செங்கல்பட்டு தாண்டியதும் யாரோ ஜெபமாலையை ஆரம்பிக்க, டீ விற்பவர் உட்பட எல்லோரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஜெபமாலை முடிந்த கையோடு அதே பையன்கள் சீட்டுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடிந்ததும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கியவர்களும் அவர்களே. தம்பிகளா, ராத்திரி அம்மா தூங்கவில்லை, யார் ஜெயித்தது என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து போக முன்கூட்டியே பேசிவைத்திருந்த வேன்காரர் விடியற்காலையில் கைவிரித்துவிட்டார், மூன்று மடங்கு கேட்டு. அவரை விட்டுவிடுவோம். வெளியே நின்ற ஆட்டோ அண்ணன் ஒருவர், நெற்றியில் திருநீறு, "மாதா கோயிலுக்குத்தானே, ஏறுங்க பாத்துக்கலாம்" என்றார். நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டினார். மெயின் ரோடு எல்லாம் போலீஸ் தடுப்பு. எந்தெந்தச் சந்தில் நுழைந்து எங்கே வெளியே வந்தோம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓர் இடத்துக்கு மேல் வண்டி போகாது என்றானதும் ஆட்டோவைப் பூட்டிவிட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "வழி வழி, பாட்டியம்மா வர்றாங்க" என்று கத்திக்கொண்டே அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் அவர் நான்கு சவாரியாவது ஓட்டியிருப்பார். கொடுத்த காசில் பேசிய வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அம்மா மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து அந்த வீட்டுக்காரர்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பச்சைக் கதவு போட்ட பழைய வீடு, வேறு அடையாளம் சொல்லமாட்டேன். தேர் போகும் வழியில் வீடு இருந்தால் அன்றைக்கு மொட்டை மாடியில் நிற்க ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால்கூடக் கூட்டம் வரும். இந்த வீட்டிலோ முன் திண்ணை முழுக்க வயதானவர்களுக்கென்று விட்டிருந்தார்கள். எங்களுக்கு அவர்கள் உறவும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. வெயிலில் நாற்காலியோடு நிற்பதைப் பார்த்து அந்த அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், திருவிழாவுக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகிற எல்லோருக்கும் இது புரியும். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார். எங்கே போவது, யாரிடம் கேட்பது என்ற பயம். அந்த அக்கா திண்ணையில் இடம் காட்டுவதற்கு முன்னால், காப்பி வேண்டுமா என்று கேட்பதற்கும் முன்னால் சொன்ன முதல் வார்த்தை, "ஆச்சி, பாத்ரூம் இந்தா இந்தப் பக்கம், படி கிடையாது, நாற்காலியோட போயிரலாம்" என்பதுதான். அம்மா முகம் அப்படியே இளகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். இட்லியும் சாப்பிட்டார். எந்த ஊர்த் திருவிழாவானாலும், தோரணமும் சீரியல் லைட்டும் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, வயசாளிகள் நம்பிப் போக ஒரு கழிப்பறை வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அக்கா, உங்களுக்கும், உள்ளே ஓயாமல் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த உங்கள் மாமியாருக்கும் நன்றி.

திண்ணையில் காத்திருந்த நேரத்தில் அம்மா மாதா பிரார்த்தனையை ஆரம்பித்தார், ஒருவர் மாதாவின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் ஜெபம் அது. அவருக்கு அது மனப்பாடம், இருந்தாலும் சமீப காலமாக நடுவில் நின்றுவிடுகிறார். "தாவீது ராஜாவின் உப்பரிகையே" என்றார். சுற்றி இருந்த பாட்டிகள் எல்லோரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். "தந்தமயமான உப்பரிகையே" என்றார். மறுபடியும் எல்லோரும் சொன்னார்கள். அதோடு அம்மா நின்றுவிட்டார். உதடு அசைகிறது, சொல் வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த, மணப்பாடு ஊரிலிருந்து வந்த ஆச்சி அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் முறை வந்ததுபோல "சொர்ணமயமான ஆலயமே" என்று தொடர்ந்தார். அடுத்த வரி "வாக்குத்தத்தத்தின் பெட்டகமே". அதை அம்மா தானே பிடித்துக்கொண்டார். கடைசி வரை இருவரும் மாற்றி மாற்றி நடத்தினார்கள். அம்மா மறந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மணப்பாட்டு ஆச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தேர் வந்தது. அதை எழுத்தில் கொண்டுவரப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் அடுத்த முறை வாருங்கள். ஆனால் தேரைப் பார்த்தவர்கள் பார்க்காமல் விட்ட சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் மேலே மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, குரல் வந்ததும் கட்டையைக் கொடுத்து, அடுத்த குரலுக்கு உருவி எடுத்தவர்கள். அவ்வளவு உயரத் தேர் ஒரு தெருவின் வளைவில் திரும்புவது அவர்கள் கையில்தான் இருக்கிறது. தேர் போகிற தெருக்களில் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, போன பிறகு திரும்ப மாட்டிக் கொடுத்த மின்வாரிய ஊழியர்கள். அப்புறம் எங்கள் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் போலீஸ் தங்கச்சி. கூட்டம் திண்ணைப் பக்கம் நெருக்கியபோது இரண்டு கையையும் விரித்து நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார், அதனால் தேருக்கு அவர் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவர் தேரைப் பார்த்தாரோ இல்லையோ.

அம்மா சென்னையிலிருந்தே துணியில் முடிந்து கொண்டுவந்த உப்பும் மிளகும் மடியில் இருந்தது. தேர்மேல் போடும் தூரத்தில் நாங்கள் இல்லை. முன்னால் நின்ற நெட்டைத் தம்பி ஒருவர் முடிச்சை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து போனவர், காலித் துணியை ஆட்டிக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அவருக்கும் நன்றி.

பனிமய மாதா என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. ரோமில் 4-ஆம் நூற்றாண்டில் எஸ்குலின் குன்றின்மேல் ஒரு ஆகஸ்ட் 5 அன்று பனி பெய்தது, அந்த இடத்தில்தான் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார்கள் என்று மரபுக்கதை சொல்கிறது. அந்தப் பனியில் ஒரு கைப்பிடி நமக்கும் வந்திருக்கலாம், அன்றைக்கு அடித்த வெயில் அப்படி. மோர் கொடுத்தவர்கள், தண்ணீர் பாக்கெட் கொடுத்தவர்கள், தர்பூசணி நறுக்கிக் கொடுத்த கடைக்காரர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. யார் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை, வாங்கிக் குடித்தோம். சாயங்காலம் திரும்பும்போது தெருவெல்லாம் பாக்கெட்டும் பேப்பர் கப்பும் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதைக் கூட்டி அள்ள அப்போதே துப்புரவுப் பணியாளர்கள் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் திருவிழா அப்போதுதான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். வணக்கம் அம்மா, அய்யா.

கடைசியாக ஒன்று. திண்ணையில் எங்களுக்கு நிழலுக்கென்று குடை கொடுத்த கல்லூரிப் பெண்ணே, கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றிய அந்தக் கறுப்புக் குடை எங்களோடேயே சென்னைக்கு வந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு என் தம்பி ஊருக்கு வருகிறான், நவம்பர் 2. பச்சைக் கதவு வீட்டு அக்காவிடம் கொடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், அங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பொட்டலம் இருக்கும். மக்ரூன் இனிப்புக்குப் பேர்போன உங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளியூர்ப் பலகாரம் என்ன கொடுப்பது என்று அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை.