ஆறடிப் பாட்டு ஐந்தடியான கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குறுந்தொகை 290ஆம் பாட்டைப் பற்றிய கட்டுரை படித்தேன். 'காமம் தாங்குமதி என்போர்' என்று தொடங்குமே, காதலரைக் காணாவிட்டால் கல்லில் மோதும் சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போவோம் என்று தலைவி சொல்லும் அந்தப் பாட்டு. கட்டுரையில் குறையில்லை. ஆனால் இடம் போதவில்லையோ என்னவோ, கடைசி இரண்டு அடிகளை ஒரே வரியாக ஒட்டிவிட்டீர்கள். மூலத்தில் இப்படி இருக்கும்:

செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல வில்லா குதுமே

இந்த மூன்றில் நடுவில் உள்ள ஐந்தாம் அடி மட்டும் முச்சீர். பாட்டின் மற்ற ஐந்தும் நாற்சீரடி. நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, அப்படித்தான் வரும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இங்கே அந்தக் குறை விழும் இடம்தான் அதிசயம். நுரை கல்லில் மோதியதும் அடி தீர்ந்துவிடுகிறது. 'போல' என்று ஒரு கணம் நின்று, பிறகுதான் மெல்ல மெல்ல. 'இல்லாகுதும்' என்ற ஒரே சொல்லும் சீர் பிரிக்கையில் இல்லா, குதுமே என்று இரண்டாக உடைகிறது.

அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையையும் பாருங்கள். 1, 3ஆம் அடிகளில் காமம், யாமெம். 2, 4இல் அறியலர், செறிதுனி. 5, 6இல் கல், மெல்ல. முதலில் ஓர் அடி விட்டு ஓர் அடி வந்த எதுகை, முடிவில் அடுத்தடுத்து நெருங்குகிறது. வரியை ஒட்டியதில் இந்தக் கடைசி இணைதான் காணாமல் போனது.

இன்னொன்று. 'கரையில் ஒதுங்கிய நுரை' என்கிறார் கட்டுரையாளர். எங்கள் பாம்பனில் வடகடல் பக்கம் மணலில் ஒதுங்கும் நுரை கொஞ்ச நேரம் கிடக்கும், காற்றில் உருளும். ஆனி மாதத்தில் தென்கடல் பாறையில் அடிக்கும் நுரைக்கு அந்த அவகாசம் கிடையாது; அடுத்த அலை கொண்டுபோய்விடும். (பெருநீர் என்பதை ஆற்று வெள்ளம் என்று கொள்வாரும் உண்டு. கடலும் கடற்கரையும் சார்ந்த நெய்தல் திணைப் பாட்டாயிற்றே, என் காதில் கடல்தான் விழுகிறது.) தலைவி தன்னைக் கல்லில் பட்ட நுரை என்கிறாள். ஒவ்வொரு நாளும் ஓர் அலையடி.

பாடியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தொடரை வைத்தே கல்பொரு சிறுநுரையார் என்கிறோம். அப்படிப்பட்ட அடிக்குத் தனி வரி கொடுக்க உங்கள் பக்கத்தில் இடமில்லையா?

அடுத்த இதழில் பாட்டை மட்டுமாவது ஆறு அடியாகத் திரும்ப அச்சிடுங்கள். என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு 'போல'வுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாம்பன்