மேக்சின் ஸ்டூவர்ட் அவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மேக்சின் ஸ்டூவர்ட் அவர்களுக்கு,

நீங்கள் 2013இல் காலமாகிவிட்டீர்கள். இது உங்கள் கைக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்க டிவி தொடரின் 'ஐ ஆஃப் தி பிஹோல்டர்' அத்தியாயம் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கடைசித் திருப்பத்தைச் சொல்லிச் சிலாகிக்கிறார்கள். உங்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை. அந்தக் குறைதான் எழுத வைத்தது.

1960 நவம்பர் 11 அன்று சிபிஎஸ்ஸில் வந்த அத்தியாயம். எழுதியவர் ராட் செர்லிங், இயக்கம் டக்ளஸ் ஹேய்ஸ். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜேனட் டைலராக நீங்கள், தலை முழுக்கக் கட்டு. முகத்தைச் 'சரி' பண்ண இது 11ஆவது சிகிச்சை. அரசாங்கம் அதற்கு மேல் அனுமதிக்காது. இதுவும் பலிக்காவிட்டால், அவளைப் போன்றவர்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு நடிகைக்குக் கண், புருவம், உதடு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? உங்களிடம் குரலும் கையும் இருந்தன. ஜேனட்டின் முதல் ஞாபகமே, தன்னைப் பார்த்து இன்னொரு குழந்தை வீறிட்டதுதான். அதை நீங்கள் பழைய வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அழகாக வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை, பார்க்கிறவர்கள் அலறாமல் இருந்தால் போதும் என்கிறாள். அப்படி அடங்கிப் பேசியவள்தான், பிறப்பின் தற்செயலுக்குத் தண்டனை கொடுக்க அரசு என்ன கடவுளா என்று வெடித்து, கட்டைப் பிய்க்கப் போகிறாள். துணிச் சுருளுக்குள்ளிருந்து அவ்வளவு கோபம்!

சுற்றி நிற்பவர்கள் முகமும் தெரிவதில்லை. ஜார்ஜ் கிளெமென்ஸின் கேமரா முதுகைக் காட்டுகிறது, மேலிருந்து பார்க்கிறது, நிழலில் ஒளிகிறது. ஆனால் முடிவு தெரிந்து இரண்டாவது தடவை பார்த்தால் டாக்டர் பேச்சுதான் தைக்கிறது. ஜனங்கள் வித்தியாசமாக இருந்தால் என்ன என்று அவர் நர்ஸிடம் முணுமுணுக்கிறார். இது தேசத்துரோகப் பேச்சு, ஜாக்கிரதை என்கிறாள் அவள். அவ்வளவு பேசியவர்தான் கட்டு அவிழ்ந்ததும் பதறிப் பின்வாங்குகிறார்.

அந்தக் கட்டை அவிழ்ப்பதை நாங்கள் உள்ளேயிருந்து பார்க்கிறோம். சுற்றுச் சுற்றாகத் துணி விலக, வெளிச்சம் கூடுகிறது. கடைசிச் சுற்றும் போனதும் "மாற்றமே இல்லை!" என்று கூச்சல். (அறுபது வருஷம் தாண்டிவிட்டது, முடிவைச் சொன்னால் குற்றமில்லை.) கட்டுக்குள் இருந்தது மூக்கும் முழியுமாக ஒரு பொன்னிறக் கூந்தல் பெண். பன்றி மூக்கும் கோணல் வாயுமாக இருப்பது டாக்டரும் நர்ஸும். வில்லியம் டட்டிலின் ஒப்பனை இன்றைக்கும் திடுக்கிட வைக்கிறது.

அந்தப் பெண் நீங்கள் இல்லை, டோனா டக்ளஸ். அப்புறம் 'பெவர்லி ஹில்பில்லீஸ்' டிவி தொடர் மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்தவர். அவர் வாயசைப்புக்கு உங்கள் குரலைச் சேர்ப்பதாகத்தான் இருந்ததாம். ஆனால் படப்பிடிப்பில் அவர் உங்களைக் கேட்டுக் கேட்டு அதே தொனியைப் பிடித்துவிட்டதால், அதற்கும் வேலையில்லாமல் போனது.

அழகுக்கு ஒரே அளவுகோல் வைப்பது அநியாயம் என்று சொல்ல வந்த கதை, அதைச் சொல்வதற்கே ஹாலிவுட்டின் அளவுகோலை எடுத்து உங்களை அளந்தது! இதற்காக ஹேய்ஸைத் திட்டவும் மனசு வரவில்லை. கட்டு அவிழ்ந்ததும் பார்க்கிறவன் ஒரு நொடி யோசித்தாலும் திருப்பம் விழுந்துவிடும், கேட்காமலே எல்லாரும் 'அழகி' என்று ஒத்துக்கொள்ளும் முகம் அவருக்குத் தேவை. சரி, அது தொழில் கணக்கு. அப்படி ஒரு முகம் இருக்கிறது என்று அவர் நம்பியதும், நாங்களும் தயங்காமல் அதை ஒத்துக்கொண்டதும்தான் எனக்கு உறுத்துகிறது. கதையில் ஆஸ்பத்திரி டிவித் திரையில் கத்திக்கொண்டே இருக்கும் அந்த நாட்டுத் தலைவர், எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறவர், இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பின்னாளில் 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரில் நீங்கள் பியானோ டீச்சராக வந்து, எம்மி என்ற டிவி விருதின் பரிந்துரை வரை போனதாகப் படித்தேன். அதில் உங்கள் முகத்துக்குக் கட்டு இல்லை. இந்த வாரம் அதைத்தான் தேடிப் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் குரலின் ரசிகன்