பள்ளத்தாக்கைத் துண்டு போட்டு அளக்காதீர்கள்

திட்ட அனுமதிக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் பள்ளத்தாக்கில் விடுதிகள், மாளிகைக் குடியிருப்புகள், அகலச் சாலை ஆகியவற்றை அமைப்பதற்கான விண்ணப்பம் உங்கள் பரிசீலனையில் இருக்கிறது. அதை நிராகரியுங்கள் என்று கேட்கவே இங்கு வாழும் நாங்கள் இந்த மடலை எழுதுகிறோம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்களை வளர்ச்சியின் எதிரிகள் என்றார்கள். பழுதான பாலத்தைச் சீரமைக்கவும் பள்ளிக்கூடத்தை விரிவாக்கவும் மனு மேல் மனு கொடுத்தவர்கள் நாங்கள்தான். அந்தக் கோப்புகள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

திட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'பாதிப்பு குறைவு' என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். எங்கள் முதன்மையான ஆட்சேபணை இதுதான். மேல்சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் ஊர்ந்து, கீழே ஊற்றாகக் கசிகிறது. கோடையிலும் ஓடை வற்றாமல் இருப்பது அந்தக் கசிவால்தான். சரிவைக் கான்கிரீட்டாலும் தாராலும் மூடினால் அதே மழை உள்ளே இறங்க வழியின்றி ஒரே மூச்சில் கீழே பாயும். மழைக்காலத்தில் வெள்ளம் வரும், கோடையில் ஊற்று வறண்டுபோகும். முதல் கட்டத்தின் அறிக்கையில் இது தெரியாது, மூன்றாம் கட்டத்தின் அறிக்கையிலும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மட்டுமே தெரியும். அந்தக் கணக்கை இதுவரை யாரும் போடவில்லை.

சாலைக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டப் போகிறார்கள். மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் தாங்கி நிற்பது அந்த அடிவாரம். அதை வெட்டியபின் தொடர்மழையில் மண் நீரைக் குடித்துக் கனத்தால், தடுப்புச் சுவர் எவ்வளவு தாங்கும்? அறிக்கையில் தடுப்புச் சுவரின் படம் இருக்கிறது. அதன் பின்னால் சேரும் நீர் எங்கே போகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இத்தாலியின் வயோன்ட் பள்ளத்தாக்கில் அணை கட்டியபோது, மலைச்சரிவு அசைகிறது என்று அங்கிருந்த மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை எழுதிய பத்திரிகையாளர் டினா மெர்லின் மீது, பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்குப் போட்டார்கள். 1960இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1963 அக்டோபர் 9 இரவு, சுமார் 26 கோடி கன மீட்டர் மண்ணும் பாறையும் நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தன. அணையைத் தாண்டி எழுந்த அலை லோங்கரோனே ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது. பொறியாளர்கள் கட்டுமானத்தின் உறுதியைச் சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள். மக்கள் எச்சரித்ததோ மலையைப் பற்றி. இங்கே வரப்போவது அணை இல்லைதான். ஆனாலும், மண்ணைத் தினமும் மிதிப்பவர்களின் பேச்சை ஒதுக்கும் போக்கு எங்களுக்கு அச்சமூட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த இரவுகளில் கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடுகிறது, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிகிறது. வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும் வெளியேற வழியில்லாமல் எங்கள் குழந்தைகளின் மூச்சில்தான் சேரும். சமவெளியில் எடுத்த அளவுகளை வைத்து இதை மதிப்பிட முடியாது.

அறிவித்த திட்டத்தைத் திரும்பப் பெற முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழாவின் குறுக்கே திட்டமிட்ட நீர்மின் அணையை மக்கள் எதிர்ப்புக்குப் பின் அரசு கைவிட்டது. 1984இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

விண்ணப்பத்தை இப்போதே நிராகரிக்க உங்களுக்கு மனமில்லையென்றால், குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: எல்லாக் கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டிலும் ஊற்றுகளையும் சரிவுகளையும் அளக்க, விண்ணப்பதாரரிடம் ஊதியம் பெறாத வல்லுநர்களை நியமியுங்கள். அவர்களின் அறிக்கை எங்கள் கைக்கு வரும்வரை ஒரு மரமும் வெட்டப்படாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். அடுத்த கூட்டத்தை இங்கேயே, சரிவின் அடியிலேயே நடத்துங்கள். ஊற்றுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நாங்களே அழைத்துச் சென்று காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்கள்